பித்தப்பையை எடுத்த பிறகு, உண்ணிக்கடி நோயோடு தேறுவது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016ல் நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது என்னை ஓர் உண்ணி கடித்து லைம் நோய் வந்தது. மருந்தை முழுதாக முடித்தும் அசதி, மூட்டுவலி, பேசும்போது சொல் மறந்துபோவது எல்லாம் விட்டுப் போகவில்லை. சிங்கப்பூர் திரும்பிய பிறகு பித்தப்பையில் கல் என்று தெரிந்து, லேப்ரோஸ்கோப்பி முறையில் பையையே எடுத்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்த உடம்போடு எப்படித் தேறுவது என்று தமிழில் படிக்க அப்போது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நண்பர்களும் சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டவை இவை. நான் மருத்துவர் அல்ல. உங்கள் அறுவை மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஊரில் சொல்லும் உண்ணிக் காய்ச்சலும் இதுவும் ஒன்றா?

இல்லை. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்பது ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. டாக்சிசைக்ளின் நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

லைம் வேறு. பொரேலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியாவை ஒரு வகை உண்ணி பரப்புகிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் வடபகுதி என்று குளிர்ப் பிரதேசங்களில்தான் அது அதிகம். சிங்கப்பூரில் நாய்மேல் பார்க்கும் உண்ணி அந்த இனம் இல்லை. இங்கே இருக்கும் லைம் நோயாளிகள் வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போய் வந்தவர்கள். அதனால்தான் பலதுறை மருந்தகத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் மருத்துவர் ஒரு நிமிடம் யோசிக்கிறார். அவர்மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. எந்த நாட்டில், எந்த ஆண்டு, என்ன மருந்து, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மருந்து முடிந்தும் தொல்லை இருந்தால் கிருமி உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தமா?

லைமுக்குச் சரியான மருந்து எடுத்தவர்களிலும் 100க்கு 5 முதல் 10 பேருக்கு அசதி, வலி, மந்தம் 6 மாதத்துக்கு மேலும் நீடிக்கிறது. அது கற்பனை அல்ல. ஆனால் அதற்காக மாதக்கணக்கில் ஆண்டிபயாட்டிக் எடுப்பது உதவுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2016ல் வெளியான ஆய்வில், 2 வார ஊசிக்குப் பிறகு கூடுதலாக 12 வாரம் மருந்து எடுத்தவர்கள், மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அறுவை முடிந்து அசதி கூடியதும் “மறுபடி ஒரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாமா” என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. ஏற்கெனவே தடுமாறும் வயிற்றை அது இன்னும் கெடுக்கும்.

லைமுக்குப் போட்ட ஊசியால்தான் எனக்குக் கல் வந்ததா?

வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். லைம் நரம்பு மண்டலத்தைத் தொட்டால் செஃப்ட்ரையாக்சோன் என்ற மருந்தை நாளுக்கு 2 கிராம் வீதம் 2 முதல் 4 வாரம் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். அதில் ஒரு பங்கு பித்தநீர் வழியாக வெளியேறும். அப்போது அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து மணல்போல் படியும். மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். கரையாமல் தொல்லை கொடுத்ததும் உண்டு. 1990 முதல் 1992 வரை நியூஜெர்சியில், லைம் என்ற சந்தேகத்தில் இந்த ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டி வந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993ல் பதிவு செய்திருக்கிறது.

எனக்கும் 28 நாள் அந்த ஊசி போட்டார்கள். ஆனால் கல் தெரிந்தது பல ஆண்டு கழித்து. நடுவில் எனக்கு நாற்பது வயது தாண்டியது, எடை ஏறியது, பிறகு ஒரே மூச்சில் இறங்கியது. இதில் ஒவ்வொன்றும் கல் உண்டாக்கும். ஊசி போட்டு சில வாரங்களிலேயே வலி வந்தவர்கள் ஊசியைச் சந்தேகிக்கலாம். என்னைப் போன்றவர்கள் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

அறுவைக்கு முன்னால் மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்ல வேண்டியவைதான் முக்கியம். அசதிக்கும் வலிக்கும் சிலர் குறைந்த அளவில் நால்ட்ரெக்சோன் எடுக்கிறார்கள். அது மார்ஃபின் வகை வலிமருந்துகளை வேலை செய்யவிடாது. சொல்லாமல் போனால் கண் விழித்ததும் வலி தாங்காமல் தவிப்பீர்கள். எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்வார்.

லைமின்போது எப்போதாவது இதயத் துடிப்பு தடுமாறியதா? அந்த இசிஜி நகல் இருந்தால் கொண்டுபோங்கள். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, ஜின்கோ போன்றவை ரத்தம் கசிவதைக் கூட்டலாம் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். வீட்டில் காய்ச்சும் கஷாயம்கூட அந்தப் பட்டியலில் இருக்கட்டும். “அது மருந்து இல்லையே” என்று நம் ஆட்கள் விட்டுவிடுவது வழக்கம்.

முதல் சில நாள் எப்படி இருக்கும்?

வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை போடுவார்கள், தொப்புள் பக்கம் ஒன்று. உள்ளே பார்க்க இடம் வேண்டும் என்று கரியமில வாயுவை நிரப்புவார்கள். அந்த வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வலது தோள்பட்டையில் வலி எடுக்கும். மூட்டுவலி பழகிய எனக்கு, இதோ லைம் தோளில் ஏறிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை. எழுந்து மெல்ல நடந்தால், இரண்டு மூன்று நாளில் அது போய்விடும்.

வலிக்குப் பனடோல் போதுமானால் அதுவே நல்லது. 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு 8க்கு மேல் கூடாது. கோடீன், டிரமடால் கொடுத்தால் மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். புதுத் தையலோடு முக்குவது கொடுமை.

காய்ச்சல் வந்தால் லைம் திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அறுவை முடிந்து ஆறாம் நாள் ராத்திரி எனக்குக் குளிர் நடுக்கி எடுத்தது. தெர்மாமீட்டரில் 38.4. உடம்பு முறிந்துபோகிற நாட்கள் எனக்குப் பழக்கம். மழைக்கு முன்னும் தூக்கம் கெட்ட பிறகும் அப்படி வரும். அதே கதைதான் என்று இரண்டு பனடோல் போட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் சிறுநீர் தே-ஓ நிறத்தில், பால் விடாத தேநீர்போல் போனது. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று நினைத்தேன். உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன், புது சோப்பு. சாயங்காலம் பார்க்க வந்த என் நாத்தனார் சமையலறை சன்னலோரம் என்னை நிறுத்தி, “அண்ணி, கொஞ்சம் மேலே பாருங்க” என்றாள். பார்த்தேன். “கண்ணு மஞ்சளா இருக்கு, கிளம்புங்க” என்று அவளே என் அடையாள அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

பையை எடுப்பதற்கு முன்பே ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயில் போய் அடைத்திருந்தது. மேலே தொற்றும் சேர்ந்துவிட்டது. இஆர்சிபி என்று வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலின் முன்பகுதியில் பித்தக்குழாய் திறக்கும் வாயைச் சற்று அகலமாக்கி, கல்லை எடுத்தார்கள். அந்த ஒரு நாள் தாமதத்துக்கு மருத்துவமனையைக் குற்றம் சொல்ல முடியாது. என்னென்ன அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் உண்ணியின் தலையில் போட்டுப் பழகியிருந்ததால் நான் அதைப் படிக்கவே இல்லை.

மருந்து முடித்துப் பல ஆண்டு ஆன லைம் பொதுவாகக் காய்ச்சல் கொடுப்பதில்லை. அறுவை முடிந்த சில வாரங்களில் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மஞ்சள் கண், கறுத்த சிறுநீர், களிமண் நிறத்தில் மலம், துளையில் சீழ், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் ஆம்புலன்சுக்கு 995. அங்கே போய் “லைம் இருக்கிறது” என்று ஆரம்பிக்காதீர்கள். “இத்தனை நாள் முன்னால் பித்தப்பையை எடுத்தார்கள்” என்று ஆரம்பியுங்கள். லைமை அடுத்ததாகச் சொல்லலாம்.

இன்னொன்று, இது டெங்கி உள்ள ஊர். காய்ச்சலோடு மூட்டும் கண்ணுக்குப் பின்னாலும் வலித்தால் அதுவாகவும் இருக்கலாம். ரத்தம் பார்த்து டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோஃபென் வகை மாத்திரை வேண்டாம்.

என்ன சாப்பிடலாம்?

கல்லீரல் எப்போதும்போலப் பித்தநீர் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. சேர்த்து வைத்து, கொழுப்பு வரும்போது மொத்தமாகப் பாய்ச்சும் பைதான் இப்போது இல்லை. அதனால் பித்தநீர் சொட்டுச் சொட்டாகக் குடலில் இறங்குகிறது. ஒரே நேரத்தில் நிறைய எண்ணெய் போனால் சமாளிக்கத் திணறும். விஷயம் இவ்வளவுதான். வாழ்நாள் பத்தியம் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு மாதத்தில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் வாரம் கஞ்சி, இட்லி, ரசம் சாதம், வேகவைத்த காய். சிறிது சிறிதாக ஐந்து வேளை. எங்கள் மாடியில் இருக்கும் சீனப் பாட்டி மூன்றாம் நாளே ஒரு தூக்கில் ஹாருவான் சூப் கொண்டுவந்தார். அறுவைக்குப் பின் அந்த மீன் சூப் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்பது இங்கே சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் உள்ள வழக்கம். மூடியைத் திறந்து பார்த்த என் அம்மா, “இது நம்ம விரால் இல்லையா!” என்றார். அதற்குப் பிறகு தேக்கா சந்தையில் உயிர் விரால் வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டு, எண்ணெய் விடாமல் அவரே வைத்துக் கொடுத்தார். வாய்க்கு எதுவும் பிடிக்காத நாட்களில் உள்ளே போன நல்ல புரதம் அதுதான்.

வெளியில் சாப்பிடத் தொடங்கும்போது கோப்பிக்கடையில் மீன் சூப், கறி இல்லாத தோசை, யோங் தாவ் ஃபூவில் பொரிக்காத வகை ஒத்துக்கொண்டன. நாசி லெமாக், பரோட்டா, வடை எல்லாம் ஆறாம் வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக.

சாப்பிட்டதும் வயிற்றால் போகிறது. எப்போது நிற்கும்?

எல்லாருக்கும் வராது. வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். ஓட்ஸ், வாழைப்பழம், இசப்கோல் உமி உதவும். காலை வெறும் வயிற்றில் கோப்பி வேண்டாம். அடங்கவே இல்லை என்றால், பித்த அமிலம் பெருங்குடலை உறுத்துகிறதா என்று பார்த்து கொலஸ்டைரமின் தூள் கொடுப்பார்கள். நன்றாகக் கேட்கும். ஆனால் அது மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையோ டாக்சிசைக்ளினோ எதுவானாலும் தூளுக்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போதான் எடுக்க வேண்டும். நம்மைப் போல் மருந்துப் பெட்டி நிறைந்தவர்களுக்கு இது முக்கியம். மருந்தாளரிடம் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆட்டுக்கறி சாப்பிட்டால்தான் வயிறு கெடுகிறது. இதுவும் பித்தமா?

உங்களை எங்கே உண்ணி கடித்தது என்று யோசியுங்கள். சிட்னியின் வடபுறங்களிலும் அமெரிக்காவின் தென்கிழக்கிலும் சில உண்ணிகள் கடித்த பிறகு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமல் போகிறது. ஆல்ஃபா-கால் ஒவ்வாமை என்று பெயர். உண்ணிக்கடிக்கும் இறைச்சி ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பைச் சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனனும் சக மருத்துவர்களும் 2009ல் எழுதினார்கள். சிலருக்குத் தடிப்பே வராது, வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் மட்டும்தான். அதனால் பித்தப்பை போனதன் விளைவு என்று எளிதில் குழம்பிவிடலாம்.

கடிகாரத்தைப் பாருங்கள். பித்தத்தால் என்றால் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே ஓட வேண்டியிருக்கும், அதுவும் மெதுவடைக்கும் மட்டன் பிரியாணிக்கும் ஒரே மாதிரி. ஆல்ஃபா-கால் 2 முதல் 6 மணி நேரம் கழித்து வரும், மீனுக்கும் கோழிக்கும் வராது. ராத்திரி பிரியாணி சாப்பிட்டு நள்ளிரவில் அரிப்போடும் வலியோடும் விழித்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ 995.

இந்த ஒவ்வாமை உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரை உறையில் இருக்கும் ஜெலட்டின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின், ரத்தக்கசிவை நிறுத்த வைக்கும் சில பஞ்சுகள் எல்லாம் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருபவை. ஹலால் என்று எழுதியிருந்தால் பன்றி இல்லை என்றுதான் பொருள். மாட்டு ஜெலட்டின் இருக்கலாம், அதுவும் உங்களுக்கு ஆகாது. பித்தப்பை இல்லாதவர்களுக்கு என்று இணையத்தில் விற்கும் செரிமான மாத்திரைகளில் மாட்டுப் பித்தம், பன்றிக் கணைய நொதி எல்லாம் இருக்கும். தயவுசெய்து அட்டையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

எல்லாரும் ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு ஏன் முடியவில்லை?

லேப்ரோஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தவர்கள் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கத்துக்குத் திரும்புவது உண்மை. ஏற்கெனவே பாதி சார்ஜில் ஓடும் உடம்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எனக்கு ஏழு வாரம் ஆனது, இஆர்சிபியையும் சேர்த்து.

எனக்கு உதவியது நடையை நிமிடக் கணக்கில் ஏற்றியதுதான். முதலில் புளோக்கின் கீழ்த்தளத்தில் 5 நிமிடம். மறுநாள் படுத்துவிடாமல் இருந்தால் இரண்டு நாள் கழித்து 7 நிமிடம். நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் முஸ்தஃபா வரை போய் வந்த அன்று, அடுத்த மூன்று நாள் கட்டிலோடு போயிற்று.

விடுப்பைப் பற்றித் தயங்க வேண்டாம். ஒரே இடத்தில் 6 மாதம் வேலை பார்த்திருந்தால் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் மருத்துவமனை விடுப்பு உண்டு. வழக்கமான 14 நாள் எம்சியும் அதற்குள் அடங்கும். காலையில் போய் மாலையில் திரும்பும் அறுவைக்கும் அது பொருந்தும். எம்ஆர்டியில் நிற்க முடியாவிட்டால் நிலையத்தின் பயணிகள் சேவை நிலையத்தில் இருக்கை கேட்கும் வில்லை ஒன்று கொடுப்பார்கள். சட்டையில் ஒட்டிக்கொண்டால் யாரிடமும் கதை சொல்லத் தேவையில்லை.

வீட்டு வேலை?

நான்கு முதல் ஆறு வாரம் கனம் தூக்க வேண்டாம். அரிசி மூட்டை, பேரக்குழந்தை, தண்ணீர் நிறைந்த குக்கர் எல்லாம் கனம்தான். பலர் மறந்துபோவது மூங்கில் கழியை. ஈரத் துணி ஏறிய கழியை இரண்டு கையாலும் தூக்கி, சன்னலுக்கு வெளியே எட்டிக் குழலில் செருகும்போது வயிற்றுத் தசை முழுதும் இழுக்கும். தொப்புள் தையலுக்கு அதைவிடக் கெட்டது கிடையாது. உள்ளே கொடி கட்டிக் காயப் போடுங்கள்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?

ஆறு வாரம் தாண்டி, மருத்துவர் சரி என்றால் எடுக்கலாம். வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்புங்கள். காவடி அந்த ஆண்டு வேண்டாம். விரதம் முடித்ததும் ஒரேயடியாக நெய்ச் சோறு சாப்பிடாதீர்கள்.

செலவு?

மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இரண்டையும் பயன்படுத்தலாம். அறுவைக்கு முன் மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் மதிப்பீடு கேட்டு வாங்குங்கள்.

அறுவைக்குப் பிறகு லைம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டுமா?

வேண்டாம். எதிர்ப்பொருள் பல ஆண்டு ரத்தத்தில் இருக்கும். நோய் போன பிறகும் ‘பாசிட்டிவ்’ என்றே வரலாம், அதைப் பார்த்து மனம் ஒடிவதுதான் மிச்சம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் அவரைச் சன்னல் பக்கம் வரச் சொல்லுங்கள். மேலே பார்க்கச் சொல்லி வெள்ளை விழியைப் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் சரியாகத் தெரியாது, பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். சிறுநீர் என்ன நிறம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். “இது என் பழைய நோய்தான், ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னாலும் தெர்மாமீட்டரை எடுத்து வையுங்கள்.